சோதனையும் தீர்ப்பும்

பழைய காமிராவொன்று கைப்பையில் இருந்தால், விமான நிலையச் சோதனையில் நாம் எளிதில் தப்புவதில்லை. உலோக உடலும் சுருள்வில்லும் பற்சக்கரங்களும் எக்ஸ்ரே திரையில் கருத்த கட்டியாய்த் தெரிய, காவலரின் முகம் மாறுகிறது. "திறந்து காட்டுங்கள்" என்கிறார். உள்ளே பிலிம் சுருள் இருக்கிறது. பின்மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டு, எடுத்த படங்கள் பாழாகும். இதை நாம் விளக்கி முடிப்பதற்குள், வரிசையில் நிற்போரின் பார்வையில் குற்றவாளியாகிவிடுகிறோம். மனம் புண்படுகிறது.

ஆயினும் காவலரின் அச்சம் வீணன்று. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேலே விமானத்தைத் தகர்த்து, 270 உயிர்களைப் பறித்த வெடிகுண்டு, வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோ கேசட் கருவியினுள்தான் மறைந்திருந்தது.

அப்படியானால் பிறரை நல்லவராக எண்ணும் கடமை என்னாவது? புனித தாமஸ் அக்குவினாஸ் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். தீமைக்குப் பரிகாரம் தேடுகையில், மிகக் கேடானதையே எதிர்பார்த்துச் செயல்படலாம். மனிதரைத் தீர்ப்பிடுகையிலோ, ஐயத்தை அவருக்குச் சாதகமாகவே கொள்ளவேண்டும் என்கிறார். பையைச் சோதிப்பது முன்னதைச் சேர்ந்தது. பெயரையும் தாடியையும் கண்டு ஆளையே குற்றவாளியாக்குவது பின்னதை மீறுவது.

ஆகவே பிலிமை முன்னரே கழற்றி வைத்து, காமிராவைப் பொறுமையோடு காவலரிடம் கொடுப்போம். சோதிப்பது அவர் அலுவல். நமக்கு முன்னே நிறுத்தப்பட்டவரைத் தீர்ப்பிடும் அலுவலை யாரும் நமக்குத் தரவில்லை.