தெரிதலும் தெளிதலும்: இணையவழி உளவள ஆலோசகரைத் தேர்வதன் அறவியல் – சின்னக்கானல் தமிழரை முன்வைத்து

முன்னுரை

உடற்பிணி கொண்டார் எந்த மருத்துவரிடம் செல்லலாம் என்று அண்டை வீட்டாரைக் கேட்டறிவது வழக்கம். உள்ளப்பிணி கொண்டார்க்கு அவ்வாறு கேட்க நா எழுவதில்லை. ஆகவே தேர்வு தனிமையில் நிகழ்கிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் தொலைபேசியும் காணொலியும் வழியாக உளவள ஆலோசனை பெறும் முறை இந்தியாவில் பரவலாயிற்று. அதனோடு 'தமக்கு ஏற்ற ஆலோசகர் யார்' என்னும் வினாவும் பரவியது. இவ்வினா பெரும்பாலும் நுகர்வோர் வினாவாகவே எழுப்பப்படுகிறது. கட்டணம் எவ்வளவு, எந்நேரத்தில் கிடைப்பார், பிறர் எத்தனை விண்மீன் மதிப்பு அளித்துள்ளனர் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. தன் உள்ளத்தை அறியாத ஒருவரிடம் ஒப்படைப்பது பொருள் வாங்குவது போன்றதன்று. அஃது அறவியல் சார்ந்த செயலாதலை, இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதித் தமிழரின் வாழ்நிலையைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய்நிலை உணர்த்தலும் மொழியும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. பரிமேலழகர் அந்நான்கிற்கும் நந்நான்கு இயல்புகளைக் காட்டுவர். நோயுற்றவர்க்கு அவர் கூறும் இயல்புகளுள் பொருளுடைமையும், நோயின் நிலையை எடுத்துரைக்கும் வன்மையும் அடங்கும். பின்னது ஈண்டுப் பெரிதும் கருதத்தக்கது. உடற்பிணியை நாடியும் குருதியும் ஓரளவு தாமே சொல்லிவிடும். உள்ளப்பிணிக்குச் சொல்லே நாடி. சொல்ல இயலாதவர் பாதி நோயைத் தம்மிடமே வைத்துக்கொண்டு திரும்புகிறார்.

சின்னக்கானல் மூணாற்றிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் மலைச்சாலையை ஒட்டிய பகுதி. தேயிலையும் ஏலமும் அதன் வாழ்வாதாரம். 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீருமேடு பகுதிகள் கேரளத்தில் நின்றன. தோட்டங்களின் லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுமொழி ஒன்று, அலுவல்மொழி மற்றொன்று ஆயிற்று. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. எனினும் மனு எழுதும் மொழி வேறு, அழும் மொழி வேறு.

இப்பகுதியினர் இருமொழியாளர், சந்தையிலும் பள்ளியிலும் மலையாளம் தடையின்றி வழங்குகிறது. சிக்கல் தெரியாத சொல்லால் அன்றி, தெரிந்தது போலத் தோன்றும் சொல்லால் விளைகிறது. மலையாளத்தில் 'சங்கடம்' என்பது துயரம். தமிழ்ப் பேச்சில் அது பெரும்பாலும் கூச்சத்தையும் தருமசங்கடத்தையும் குறிக்கும். மலையாளத்தில் 'விஷமம்' என்பது மனவருத்தம், தமிழில் குறும்பு. 'சங்கடமாக இருக்கிறது' என்று தமிழ்ப்பெண் ஒருத்தி மெல்லச் சொன்னால் அதன் எடையை எந்தத் துலாக்கோலில் நிறுப்பது? 'நெஞ்சு அடைக்கிறது', 'வயிறு எரிகிறது' என்னும் தொடர்களைக் கேட்டு இதயத்தையும் இரைப்பையையும் மட்டும் சோதித்து அனுப்பிவிடவும் கூடும்.

இணையவழி முறையின் முதற்பயன் இங்கு வெளிப்படுகிறது. தமிழ் அறிந்த மருத்துவரைத் தேடிப் போடிமெட்டு இறங்கித் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதாயின் ஒருநாட் கூலி போகும். ஏன் போகவில்லை வேலைக்கு என்ற கங்காணியின் கேள்விக்கு மறுமொழியும் வேண்டும். 2022 அக்டோபர் 10ஆம் நாள் மைய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. அழைப்பவர் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். பரிமேலழகர் கூறும் பொருளுடைமை என்னும் தடை இதனால் ஓரளவு நீங்குகிறது.

ஆயின் மொழி ஒன்றே பொருத்தம் ஆகாது. சென்னையிலிருந்து பேசும் தமிழ் ஆலோசகர், கொழுந்துக் கூடையின் எடையையும் பத்தடி அறையில் மூன்று தலைமுறை உறங்குவதையும் அறியாதவராயின், அடிமாலியில் இருக்கும் மலையாளியினும் தொலைவில் உள்ளவரே.

வெறியாட்டு என்னும் எச்சரிக்கை

அகத்திணை மரபில் தலைவியின் மெலிவைக் கண்ட தாய் கட்டுவிச்சியைக் கேட்டு வேலனை அழைக்கிறாள். வேலன் முருகு அணங்கியது எனக் கூறி வெறியாடுகிறான், மறி பலியாகிறது. மெலிவின் காரணம் தலைவன்மேற் கொண்ட காதல் என்பது தோழிக்குத் தெரியும். அவள் அறத்தொடு நிற்கையில் உண்மை வெளிப்படுகிறது. வேலன் பொய்யன் அல்லன். தன் தொழிலில் தேர்ந்தவனே. அவன் கையிலிருந்த விளக்கத்திற்குள் அவளது துன்பம் அடங்கவில்லை என்பதே குறை. தகுதியும் பொருத்தமும் வேறு வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

இந்நாள் வேலனுக்கும் இவ்விடர் உண்டு. சின்னக்கானலில் பல்லாண்டு வீடுகளையும் கடைகளையும் உடைத்து அரிசி தேடிய 'அரிக்கொம்பன்' என்னும் காட்டுயானை 2023 ஏப்ரல் 29ஆம் நாள் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர்க் கம்பம் நகருக்குள் புகுந்து, அவ்வாண்டு ஜூனில் மீண்டும் பிடிபட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விடப்பட்டது. அவ்வானை அகன்றாலும் யானைகள் அகலவில்லை. இரவில் உறங்காமல் ஓசைக்குச் செவிகொடுத்திருப்பதாக இவ்வூரார் ஒருவர் கூறின், நகர ஆலோசகர் அதனைப் பதற்றநோய் எனக் குறித்துக்கொள்ளலாம். அவ்வச்சத்தில் எவ்வளவு நோய், எவ்வளவு அறிவு என்று பிரித்தறிய வேண்டும். தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்களை எண்ணும்போது அணங்கு, கள்வர், இறை ஆகியவற்றோடு விலங்கையும் சேர்த்தே எண்ணுகிறார். அச்சத்திற்குரியதை அஞ்சுதல் பிணியன்று. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களைப் புதைத்து எழுபது உயிர்களைக் கொண்டது. மாண்டோர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அதன்பின் மழை கேட்டு விழித்திருப்பவரை 'மழையை எண்ணாதீர்' என்று தேற்றுவது சிகிச்சை ஆகுமா என்பதும் வினாவே.

எனவே ஏற்ற ஆலோசகர் முதல் உரையாடலில் எவ்வளவு விளக்குகிறார் என்பதைவிட எவ்வளவு கேட்கிறார் என்பது நோக்கத்தக்கது. வாழிடம், வேலை, உறங்கும் இடம், அருகில் இருப்போர் ஆகியவற்றை வினவாமல் நோய்க்குப் பெயரிடுபவர் வேலனின் வழியினர்.

தொலைவு தரும் நன்மை

இணையவழி முறையை மறுப்போர் மெய்ப்பாட்டை முன்வைப்பர். கண்ணாலும் செவியாலும் கூர்ந்துணர வல்லார்க்கே மெய்ப்பாட்டின் நயம் புலப்படும் என்பது தொல்காப்பியர் கொள்கை. தொலைபேசி கண்ணைப் பறித்துக்கொள்கிறது. காணொலியோ முகத்தைக் காட்டிக் கைந்நடுக்கத்தை மறைக்கிறது. இம்மறுப்பு வலுவுடையதே.

எனினும் தோட்டத்துக் குடியிருப்பில் அண்மை எப்போதும் நன்மையன்று. சுவர் ஒன்றே இரு வீடுகளுக்கும் பொது. ஆலோசகரைக் காணச் செல்வது ஊரறியச் செல்வதாகும். முன்பின் அறியாத ஒருவரிடம் மட்டுமே சொல்லத்தக்க செய்திகள் உண்டு. மதுவால் சிதைந்த இல்லறமும் குடும்பத்தினுள் நேர்ந்த வன்முறையும் அத்தகையன. தோழியிடமும் சொல்லாத தலைவி கடலையும் நாரையையும் விளித்துப் பேசுவது 'காமம் மிக்க கழிபடர் கிளவி' எனப்படும். கேளாதவற்றிடம் பேசுவதில் ஆறுதல் உண்டு என்பதை நம் மரபு அறிந்தே வைத்துள்ளது. 1966இல் ஜோசப் வைசன்பாம் வடித்த 'எலைசா' என்னும் கணினி நிரலோடு உரையாடிய அவருடைய செயலர், தனிமை வேண்டி அவரையே அறையைவிட்டு வெளியேறச் சொன்னதாக அவர் பதிவு செய்துள்ளார். இன்றைய செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் அவ்வழியில் நெடுந்தொலைவு வந்துவிட்டன. ஆயின் கடல் தன்னை மருத்துவன் என்று சொல்லிக்கொண்டதில்லை, உரையாடிகள் சொல்கின்றன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவு உளச்சிகிச்சை அளிப்பதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது இவ்வேறுபாட்டைக் கருதியே எனலாம்.

தெரிதலும் தெளிதலும்

ஆராயாமல் ஒருவரை நம்புதலும் நம்பியபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தின் முடிந்த முடிபு. அவ்வதிகாரம் அரசனை நோக்கியது. அங்குத் தேர்பவன் வலியன். தேரப்படுபவன் அவன் ஆணைக்கு உட்பட்டவன். உளவள ஆலோசனையிலோ தேர்பவரே மெலிந்தவர். தேர்வதற்குரிய தெளிவையே நோய் கலைத்துள்ளது. தேர்வுரிமை என்னும் பெயரில் முழுப்பொறுப்பையும் அவர்மேல் ஏற்றுதல் நீதியன்று. ஆராய்தற்குரிய செய்திகளை மறைக்காமல் முன்வைக்கும் கடமை ஆலோசகரைச் சார்ந்தது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் மருத்துவர் தம் பெயரையும் பதிவெண்ணையும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. மருந்து எழுதும் உரிமை பதிவுபெற்ற மருத்துவர்க்கே உண்டு. மருத்துவ உளவியலாளர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். 'ஆலோசகர்' என்னும் பெயரோ நெடுங்காலம் எவரும் சூடிக்கொள்ளத்தக்கதாகவே இருந்தது. பதிவெண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. கேட்டால் சினப்பவர் தம்மைப் பற்றிப் போதிய அளவு சொல்லிவிட்டார்.

பதிவெண் தகுதியைக் காட்டும், பொருத்தத்தைக் காட்டாது. எட்வர்டு போர்டின் 1979இல் சிகிச்சையுறவை மூன்றாகப் பகுத்தார்: எதை நோக்கிச் செல்கிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவர்க்கும் இடையிலான பிணைப்பு. இம்மூன்றும் விளம்பரத்தில் தென்படா. சில உரையாடல்களுக்குப் பின்னரே தென்படும். இங்குக் குறளின் எச்சரிக்கை இருமுனைப்படுகிறது. முதல் நாளே முற்ற நம்புவது தேரான் தெளிவு. வலிக்கும் இடத்தை ஆலோசகர் தொட்டவுடன் 'இவர் ஏற்றவர் அல்லர்' என்று அடுத்தவரைத் தேடுவது தெளிந்தபின் ஐயுறவு. கைப்பேசியில் ஒரு விரலசைவில் ஆலோசகரை மாற்ற இயல்வதால் பின்னதே இன்று மிகுதி. அதற்காக ஐயத்தை அடக்கிக்கொள்ளலும் கூடாது. ஐயத்தை அவரிடமே சொல்லல் தகும். அதனைப் பொறுமையோடு கேட்பவர் பொருத்தமானவர் என்பதற்கு அதுவே நல்ல சான்று.

வள்ளுவரின் நான்காம் கூறாகிய அருகிருப்பவர் இணையவழியில் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுப்பட்டாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, திரையில் ஆளைத் தேர்ந்துகொண்டிருக்கும் வேளை அன்று அது. உடனிருப்பவரும் மருத்துவமனையும் வேண்டும். ஆகவே 'இப்போது எங்கிருக்கிறீர்கள், அழைத்தால் வரக்கூடியவர் யார்' என்று தொடக்கத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆலோசகர் நாலாம் கூறு இல்லாக் குறையை உணர்ந்தவர்.

ஆற்றுப்படை மரபு

ஆலோசகரைக் குறிக்க இன்று 'ஆற்றுப்படுத்துநர்' என்னும் சொல்லும் வழங்குகிறது. பழைய ஆற்றுப்படையில் பரிசில் பெற்று மீள்பவர், பெறாது வருபவர்க்கு வள்ளலின் இயல்பையும் வழியின் தன்மையையும் கூறுவர். மலைபடுகடாம் நன்னனின் கொடையைப் போலவே மலைவழியின் இடர்களையும், எங்கே விலகி நடக்கவேண்டும் என்பதையும் விரித்துரைக்கிறது. பயன்பெற்றவரின் வாய்மொழி, தேர்பவர்க்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று. உள்ளப்பிணியில் மீண்டவர் வாய் திறப்பதில்லை. பெண்ணின் திருமணமும் ஆணின் வேலையும் அவர் வாயைக் கட்டுகின்றன. அவ்வெற்றிடத்தில்தான் விண்மீன் மதிப்பீடுகள் குடியேறின. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சைச் செய்திகளைக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்போர்மேல் சுமத்துகிறது. நலம்பெற்றவர் தாமே விரும்பி, ஏலத்தோட்டத்து வேலையின் இடைவேளையில், மற்றொருத்தியிடம் 'நான் இந்த எண்ணில் பேசினேன். முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை, மூன்றாம் நாள் அழுதேன்' என்று சொல்வதை அது தடுக்கவில்லை.