யாரோ கட்டும் மின்கட்டணம்

அண்ணாமலை நகர் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவர் உபுண்டு 24.04 இயங்குதளத்தைத் தன் மடிக்கணினியில் நிறுவ நினைத்தால், இறக்க வேண்டிய கோப்பு கிட்டத்தட்ட 6 ஜிபி, நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைபேசி பேக்கில் அது நான்கு நாள் டேட்டா. மென்பொருள் இலவசந்தான், அது வந்து சேரும் வழிக்கு மட்டும் விலை உண்டு. இணைய வேகம் எல்லார்க்கும் ஒன்றல்ல என்பதை அறிந்துதான் உபுண்டுக்காரர்கள் 2011 வரை கேட்டவர்களுக்குக் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். அன்று அந்தத் தகட்டில் இருந்தது 700 எம்பிக்குள் அடங்கியது. கோப்பு பல மடங்கு பெருத்துவிட்டது, தபால் நின்றுவிட்டது.

நிறுவிய பின்னும் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மிரர் எனப்படும் நகல் சேவையகங்களையே நாடுகிறோம். ஒன்று ஊர்ந்தால் எரிச்சலோடு வேறொன்றுக்கு மாறிக்கொள்கிறோம். சென்னை ஐஐடி, கான்பூர் ஐஐடி போன்ற கல்வி நிலையங்கள் யாரும் கேட்காமலே அப்படி மிரர்களை நடத்தியிருக்கின்றன. டெராபைட் கணக்கில் வட்டும், ஓயாத மின்சாரமும், கவனித்துக்கொள்ள ஒருவரும் வேண்டிய வேலை அது. பயன்படுத்துகிற நமக்கு அந்த ஒருவரின் பெயர் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்பதே இந்த ஏற்பாட்டின் பெருமை. டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளங்களில் மென்பொருள் தொகுப்புகளின் பட்டியல் மின்கையெழுத்திடப்பட்டு வருவதால், நடுவில் யார் கைமாற்றினாலும் பொருள் மாறியிருந்தால் நம் கணினியே கண்டுகொள்ளும். முன்பின் அறியாதவர் தருவதையும் அச்சமின்றி வாங்கும்படி இதைக் கட்டியிருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் நம் பக்கம் நடப்பது வேறு. ஒரு கணினிக்கூடத்தின் அத்தனை கணினிகளும் ஒரே நாளில் ஒரே தொகுப்பை, கல்லூரியின் ஒரே இணைப்பு வழியாகத் தனித்தனியே தொலைவிலிருந்து இழுக்கின்றன. பிறகு மிரர் மந்தம் என்று நாமே குறை சொல்கிறோம். ஏப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சிறு நிரல் ஒரு பழைய கணினியில் இருந்தால் போதும்: தொகுப்பு ஒருமுறை வெளியிலிருந்து வரும், மற்ற கணினிகள் அதை உள்வலையிலேயே எடுத்துக்கொள்ளும். வாங்குவதிலேயே பழகிய நமக்கு, வாங்கியதை அடுத்தவருக்கு எட்டும்படி வைப்பது கடமையாகத் தோன்றாமல் போனதுதான் வருத்தம்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் கணினி கற்பிக்கும் கல்லூரிகள் இந்தக் கல்வியாண்டிலேயே அப்படியொரு சேமிப்புக் கணினியை அமைக்க வேண்டும். நிறுவல் கோப்புகளையும் அதில் வைத்து, வெளி மாணவர்களும் பென்டிரைவோடு வந்து எடுத்துச்செல்ல விட வேண்டும். நகலெடுத்துக் கொடுப்பதை இந்த மென்பொருள்களின் உரிமமே அனுமதிக்கிறது.