கல்லான பின்னும் மரமா?

எளிதில் உளுக்காத வைரம் பாய்ந்த மரங்களைக் கொண்டது ஷோரியா என்னும் பேரினம். வட இந்தியாவின் சால மரம் இதைச் சேர்ந்தது. அதன் கட்டை ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்தது. அதன் பிசின் குங்கிலியமாகக் கோயில்களில் புகைந்தது. புத்தர் குசிநகரில் இரண்டு சால மரங்களுக்கு இடையே பரிநிர்வாணம் அடைந்தார் என்பது பௌத்த மரபு. திருக்கடவூரில் குங்கிலியத் தூபம் இடுவதையே தொண்டாகக் கொண்டவர் குங்கிலியக் கலய நாயனார்.

இப்பேரினத்தை ஒத்த மரங்கள் கடலூர் மணற்கல் படிவங்களில் கல்லாகக் கிடைத்துள்ளன. அப்படிவத்தின் பெயர்பெற்ற இடம் விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்குத் தெற்கே உள்ள திருவக்கரை. அங்குள்ள கல்மரப் பூங்கா இந்திய புவியியல் ஆய்வுத் துறையால் 1940இல் அமைக்கப்பட்டது. பரப்பு சுமார் 247 ஏக்கர். மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். அவ்வூரின் சந்திரமௌலீசுவரர் கோயில் சம்பந்தரின் பாடல் பெற்றது. தலபுராணம் வக்கிராசுரன் வதத்தைச் சொல்கிறது. கல்மரங்கள் அவனுடைய எலும்புகள் என்பது ஊர் வழக்கு.

வெள்ளத்தில் உருண்டு வந்த அடிமரங்கள் மணலில் புதைந்தன. காற்றுப் படாததால் அவை விரைவில் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா திசுக்களுக்குள் இறங்கிப் படிந்தது. மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்கியது. ஷோரியாவை ஒத்த கல்மரத்தின் ஒரு சீவலை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் நீர்க்குழாய்களும், வரிசையாக அமைந்த பிசின் குழாய்களும் தெரியும். குழாய் உண்டு, பிசின் இல்லை.

பொருள் போய் வடிவம் மட்டும் நின்றால் அது அதே மரமா? சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தைக் கொள்கிறது: காரியம் காரணத்துக்குள் முன்பே உள்ளது, அழிவு என்பது காரணத்தில் ஒடுங்குவதே. காரணத்தை அது மூன்றாகப் பகுக்கிறது: குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இந்தப் பகுப்பைக் கல்மரத்தின் மேல் வைத்துப் பார்த்தால் அதன் முதற்காரணம் சிலிக்கா. பழைய மரம் அச்சாக நின்ற துணைக்காரணம் மட்டுமே. எனவே அது மரத்தின் வடிவெடுத்த கல்.

பௌத்தத்தின் கணபங்கவாதம் வேறு முடிவுக்கு வரும். கணந்தோறும் பொருள் மறைய, அதை ஒத்த வேறொன்று தோன்றுகிறது. ஒப்புமையைக் கண்டு 'அதே பொருள்' என்கிறோம். அந்நோக்கில் பச்சை மரமும் ஒரு கணத்துக்கு மேல் அதே மரமாக இருந்ததில்லை. கல்லானது அத்தொடர்ச்சியின் இன்னொரு கட்டம்.

ஆனால் பச்சை மரம் உள்வாங்கிய நீரையும் காற்றையும் தன் உடலாக்கிக்கொண்டது. கல்மரத்தில் சிலிக்கா வந்து படிந்ததோடு சரி. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு உடைய ஓரறிவுயிர் என்று வகுக்கிறது. அந்த அளவுகோலின்படி வடிவமும் பொருளும் மரத்துக்கு இரண்டாம் நிலையே. உயிர் நீங்கியபோதே அது மரமாக இருப்பதை விட்டது. கல்லானது அதற்குப் பின் நடந்தது. எலும்பு என்னும் ஊர் வழக்கும் இதனோடு ஒத்துப்போகிறது: எலும்பு உடலின் வடிவைக் காட்டும், உயிரைக் காட்டாது.