எழுதி இறக்கும் பாரம்

வயலில் நாள் முழுதும் உழைத்தவன் பாயிற் சாய்ந்ததும் உறங்கிவிடுகிறான். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் நூலகத்திலிருந்து விடுதிக்கு மீளும் மாணவனோ, உடல் அதிகம் அசையாதிருந்தும் உறக்கம் கொள்வதில்லை. முடிவுறாத காரியங்கள் பல அவனுள்ளத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைச் சிந்திக்கப் புகுமிடத்து மற்றொன்று குறுக்கிடுகின்றது. இத்தகைய மனக்களைப்புக்குப் பரிகாரமாகப் பலராலும் விதந்துரைக்கப்படும் முறையொன்று உண்டு. பத்து நிமிடங்களுக்குப் பேனாவை நிறுத்தாது, பிழை நோக்காது, எழுதியதை வெட்டாது, மனத்தில் எழுவதை எழுந்தவாறே தாளில் இறக்கிவிடுதலே அம்முறை. தாளை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. இதனால் ஆறுதல் கிட்டுமா என்பது உளவியலாளருக்குரிய வினா. கிட்டும் ஆறுதலுக்கு ஒருவன் எந்நிலையிலும் உரியவனாவானா என்பதோ ஒழுக்கவியல் சார்ந்தது. இவ்விரண்டாவது வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

முறை பழையது. 1919இல் பாரிஸ் நகரில் அந்திரே பிரெத்தோனும் பிலிப் சூப்போவும் அறிவின் கட்டுப்பாட்டை விலக்கி விரைந்தெழுதிப் பார்த்தனர். அவர்கள் நாடியது கவிதையை. 1934இல் அமெரிக்க எழுத்தாளரான டொரதியா பிராண்ட், எழுத விழைவோர் வழக்கத்தினும் அரைமணி நேரம் முந்தித் துயிலெழுந்து, எதனையும் வாசிக்கு முன்னரே எழுதத் தொடங்க வேண்டுமென்றார். 1973இல் பீற்றர் எல்போ வெளியிட்ட நூலே இதனை மாணவரிடையே பரப்பியது எனலாம். எழுத எதுவும் தோன்றாவிடின், தோன்றவில்லை என்பதையே திரும்பத் திரும்ப எழுதிச் செல்லலாம் என்பது அவர் அளித்த சலுகை. எழுத இயலாமையால் தம் பட்டப்பின்படிப்பை ஒருமுறை இடையிற் கைவிட்டவர் அவர். நோயை அறிந்தவரின் மருந்து எனக் கொள்ளுதல் தகும்.

இம்முறை களைப்பை எவ்வாறு தணிக்கின்றது? வாக்கியம் ஒன்று பிறக்கும்போதே அதனை எடைபோட்டுத் தள்ளும் நீதிபதி ஒருவன் ஒவ்வோர் உள்ளத்திலும் வீற்றிருக்கிறான். எழுதுவோனும் அவனே, தண்டிப்போனும் அவனே என்னும் இரட்டைத் தொழிலால் மனம் சோர்கின்றது. வேகம் அந்நீதிபதியைச் சிறிது நேரம் மன்றிலிருந்து வெளியேற்றுகின்றது. ஆயின், நடையைத் திருத்தும் நீதிபதியும் நடத்தையைத் திருத்தும் நீதிபதியும் ஒருவனே அல்லனோ? ஒருவனை அனுப்பும்போது மற்றவனும் உடன்சென்றுவிடுகிறான். சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது.

மாணவன் ஒருவன் நண்பனின் விரிவுரைக் குறிப்புக் கொப்பியை இரண்டு நாளில் தருவதாகக் கூறி வாங்கியதாகக் கொள்க. தன் படிப்பு முடியவில்லை என்ற காரணத்தால் அதனைப் பரீட்சைத் தினம் வரை தன்னிடமே வைத்துக்கொண்டான். நண்பன் இருமுறை வந்து கேட்டபோது அறையில் இருந்தும் இல்லாதவன்போற் கதவைத் திறக்காதிருந்தான். நண்பனின் விடைத்தாள் அரைகுறையாயிற்று. அன்றிரவு உறக்கமின்றித் தவித்த இவன் எழுந்து, பத்து நிமிடம் எழுதித் தீர்க்கிறான். தன்னை வைகிறான், பின் நண்பனை வைகிறான், மழையையும் விடுதிச் சோற்றையும் வைகிறான். நெஞ்சு இலேசாகிறது, உறங்கிவிடுகிறான். நண்பனுடைய இழப்போ அணுவளவும் குறையவில்லை.

துன்பத்துக்கு ஆளானவன் சுமக்கும் பாரமும், துன்பம் செய்தவன் சுமக்கும் பாரமும் உறக்கத்தைக் கெடுப்பதில் ஒன்றுபோலவே இருக்கின்றன. பேனாவுக்கு இவ்வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒரேவிதமாக இறக்கிவைக்கின்றது. தாயை இழந்தவன் எழுதி ஆறுதல் பெறுவதில் எவருக்கும் நட்டமில்லை. கடன்பட்டவனின் உறுத்தலோ கடன்கொடுத்தவனின் சார்பில் வந்து நிற்கும் தூதனைப் போன்றது. தூதனை மட்டும் உபசரித்து அனுப்பிவிட்டால் கடன் தீர்ந்ததாகாது.

இதற்கு மறுப்பொன்று உண்டு, அது வலிமையானது. விழித்திருந்து வருந்துவதால் நண்பனுக்கு என்ன பயன்? களைத்த உள்ளம் மன்னிப்புக் கேட்கவும் வலுவற்றது. அது தன் வேதனையையே சுற்றிச்சுற்றி வரும். குற்றவுணர்வைச் சுவைத்துக்கொண்டிருப்பதும் ஒருவகைத் தன்னலமே. ஆகவே முதலில் உறங்குக, பின்னர் கடமை செய்க என்பர். இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. உறக்கத்தின் பின் அவன் என்ன செய்கிறான் என்பதிலேயே யாவும் தங்கியுள்ளது.

இவ்விடத்தில் உளவியலாய்வு எதிர்பாராத துணையொன்றைத் தருகின்றது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், டலஸ் நகரப் பல்கலைக்கழகமொன்றின் மாணவர் 46 பேர் நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினர். சிலர் அற்ப விடயங்களை எழுத, ஏனையோர் தம் வாழ்வின் துயர அநுபவங்களை எழுதினர். நிகழ்ச்சியையும் அதுபற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிமுடித்த வேளையில் இரத்த அழுத்தமும் மனவருத்தமும் கூடியேயிருந்தன. பின்வந்த ஆறு மாதங்களில் அவர்கள் வைத்திய நிலையத்தை நாடியதோ குறைவு. பயன் மெய்யெனினும் மிகப் பெரிதன்று; 146 ஆய்வுகளை ஒருங்குவைத்து 2006இல் வெளியான மதிப்பீடும் அவ்வாறே கூறுகின்றது. பென்னிபேக்கரும் பிறரும் 1997இல் கண்டதே ஈண்டு மிகவும் வேண்டற்பாலது. நாட்கள் செல்லச்செல்லக் காரணத்தையும் விளக்கத்தையும் குறிக்கும் சொற்களை மிகுதியாகக் கையாண்டோரே கூடிய நன்மை பெற்றனர். வெறுமனே கொட்டியதனாலன்றி, ஏன் நிகழ்ந்தது என்று தம்மையே வினவத் தொடங்கியதனால் அவர்கள் தேறினர் என்று கொள்ள இடமுண்டு. வெளியேற்றப்பட்ட நீதிபதி மெல்லத் திரும்பி வந்திருக்கிறான்.

தடையின்றி வெளிவருவதே உண்மையான உள்ளம் என்றொரு கருத்தும் வழங்குகின்றது. இது ஏற்கத்தக்கதன்று. முதலில் நாவுக்கு வருவது பெரும்பாலும் பழக்கம், சில வேளை பிறர் சொன்ன வசவு. அம்மாணவன் நண்பனைப்பற்றி எழுதிய கடுஞ்சொல் அவனுடைய தீர்ப்பாகாது. அதற்காக அவனைக் குற்றவாளியாக்குதல் நியாயமுமன்று. மறுநாட் காலையில் தாளை எடுத்து வாசித்து, அச்சொல்லை அடித்துவிடுகிறானா, சரியென்று வைத்துக்கொள்கிறானா என்பதற்கே அவன் பொறுப்பாளி.

எழுதியதைக் கிழித்தெறிய வேண்டும் என்று சிலர் கூறுவர். கிழிக்கலாம். ஆயின் ஒருமுறை வாசித்த பின்னரே கிழிக்க வேண்டும். மழையையும் சோற்றையும் பற்றிய வரிகளிடையே கதவைத் திறக்காத செய்தி எங்கோ ஒரு மூலையில் அரைவரியாகக் கிடக்கும். அதனைக் கண்டபின் கொப்பியை எடுத்துக்கொண்டு நண்பனின் அறைக்குச் செல்வதற்குப் பத்து நிமிடங்கூட ஆகாது; ஆங்கு சொல்ல வேண்டியதை மட்டும் விரைந்து சொல்லிவிட இயலாது.