பெயர் யாருடையது?

1922இல், நாடற்றுப்போன ரஷ்ய அகதிகளுக்கென ஒரு கடவுச்சீட்டு உருவானது. சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையாளராயிருந்த நான்சனின் பெயரே அதற்கும் வழங்கிற்று. அதைக் கொடுத்த அரசு அவர்களைத் தன் பிரஜைகளாக ஏற்கவில்லை. எனினும் பல அரசுகள் அந்தத் தாளை மதிப்பதாக உடன்பட்டிருந்தன. ஒருவனின் பெயருக்கு அவன் குடியிருக்கும் இடத்தின் சொந்தக்காரன்தான் சாட்சியா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. இன்று அதே கேள்வி கணனிக்குள் வந்திருக்கிறது.

சிதறிப்போன நாம் எமது நினைவுகளையும் மரணச் செய்திகளையும் வாக்குவாதங்களையும் ஒருசில கம்பனிகளின் தளங்களில் எழுதி வைத்திருக்கிறோம். 2009இல் யாஹூ கம்பனி ஜியோசிட்டீஸை மூடியது. 2019இல் கூகிள் பிளஸ் மூடப்பட்டது. டுவிட்டர் 2022இல் கைமாறி, மறுவருடம் பெயரையும் இழந்தது. குடியிருந்தவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

இதற்கு மாற்றாக வந்தவை, ஒரு மையத்தில் தங்காத தொடர்பு முறைகள். எல்லாமே சுதந்திரம் என்றுதான் பேசுகின்றன. ஆனால் பெயர் யாருடையது என்பதற்கு ஒவ்வொன்றும் வேறு பதில் சொல்கிறது.

ஜேர்மனியில் யூஜென் ரொக்கோ 2016இல் தொடங்கிய மாஸ்டடனில் ஆயிரக்கணக்கான தனித்தனி வீடுகள் உண்டு. அவை 2018இல் பொது நியமமாக ஏற்கப்பட்ட அக்டிவிட்டிபப் என்ற உடன்பாட்டின்படி ஒன்றோடொன்று கடிதம் பரிமாறுகின்றன. இங்கே பெயரோடு வீட்டின் பெயரும் ஒட்டியிருக்கும். வீட்டுக்காரர் வெறுப்பைப் பரப்பும் இன்னொரு வீட்டுக்குக் கதவைச் சாத்தலாம். 2019இல் காப் என்ற தளம் இதற்குள் நுழைந்தபோது பலர் அப்படியே செய்தனர். ஆனால் அதே வீட்டுக்காரர் நினைத்தால் எமது அந்தரங்கக் கடிதங்களையும் வாசிக்கலாம். வீடு மாறும்போது எம்மைப் பின்தொடர்வோரைக் கூட்டிச்செல்லலாம். பழைய எழுத்துக்கள் அங்கேயே கிடக்கும்.

2020இல் வந்த நோஸ்டரில் பெயர் என்பது ஒரு இரகசியத் திறப்பு. அதை எவரும் பறிக்க முடியாது. ஆனால் திறப்பு தொலைந்தால் முறையிட ஒரு வாசலும் இல்லை. களவு போனால், எடுத்தவனும் நாமாகவே பேசுவான்.

புளூஸ்கை 2019இல் டுவிட்டருக்குள் ஒரு திட்டமாகப் பிறந்து, 2024இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அதன் முறை பெயரையும் வீட்டையும் பிரிக்கிறது. எழுத்துக்களோடு இடம்பெயர வழி வைத்திருக்கிறது. ஆயினும் பெரும்பாலானோரின் அடையாளத்தைப் பதியும் ஏட்டை உருவாக்கியதும் அந்த ஒரே கம்பனிதான்; மிகப்பலர் குடியிருப்பதும் அதன் வீடுகளிலேயே.

இவற்றில் எது மேல் என்று கேட்குமுன் இன்னொன்றையும் கேட்கவேண்டும்: எழுதியதை அழிக்க முடியுமா? ஊரில் உறவுகளை விட்டுவந்தவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப விடயமல்ல. இருபது வயதில் கோபத்தில் எழுதிய ஒரு வரிக்கு, அங்கிருக்கும் தமையன் பதில் சொல்ல நேரலாம். நியூசிலாந்தில் படகில் வாழ்ந்த டொமினிக் டார் உருவாக்கிய ஸ்கட்டில்பட்டில் ஒவ்வொரு குறிப்பும் முந்தியதோடு சங்கிலியாகப் பிணைந்திருக்கும். இடையில் ஒன்றைக் கழற்ற இயலாது. மற்ற முறைகளிலும், பிரதி போய்ச் சேர்ந்த இடங்களுக்கு அழிப்பு என்பது ஒரு வேண்டுகோள் மாத்திரமே. எவராலும் அழிக்க முடியாது என்ற வாக்குறுதி, எழுதியவனாலும் அழிக்க முடியாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

ஆக, மையத்தை உடைப்பதால் நம்பிக்கையின் தேவை ஒழிந்துவிடுவதில்லை, அது கைமாறுகிறது. கம்பனியிலிருந்து வீட்டுக்காரருக்கு, அல்லது பதிவேட்டுக்கு, அல்லது எமது சொந்தக் கவனத்துக்கு. அந்த நம்பிக்கை முறியும் நாளில் பெயரோடும் எழுத்தோடும் வெளியேற முடியுமா, அதுவரை கூட இருப்பவர்களைக் காக்க முடியுமா என்பவையே ஒரு முறையை எடைபோடும் கேள்விகள்.

அறிந்தவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு வீடே எமக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். அதன் டொமைன் பெயர் எமது கையில் இருக்கவேண்டும். அதற்கு வருடாவருடம் பணம் கட்டவேண்டும். எழுத்துக்களின் பிரதியை ஒழுங்காக வேறிடத்தில் சேமிக்கவேண்டும். திறப்பு ஒருவரிடம் மாத்திரம் இருக்கக்கூடாது. யாரை வெளியேற்றுவது என்று தீர்மானிக்கும் கசப்பான வேலையையும் யாராவது ஏற்கவேண்டும். கோயிலுக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் வந்த இடமெல்லாம் காசு சேர்த்து, கணக்கு எழுதி, சண்டை பிடித்தும் நடத்திவருகிற எமக்கு இந்த வேலை புதிதல்ல.