பொன் கரைந்த தண்ணீர்



சீனாய் மலையினின்று இறங்கிவந்த மோயீசன், ஜனங்கள் வார்த்து வணங்கிய பொற்கன்றைச் சுட்டுப் பொடியாக்கி, தண்ணீரில் தூவி, அவர்களையே குடிக்கச் செய்தார் என்று யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். பொன்னை ஆசித்தவனே அன்று குடித்தான். இன்றோ ஆசிப்பவன் ஒருவன், குடிப்பவன் வேறொருவன்.

பெரு நாட்டில் 'மாத்ரே தே தியோஸ்' என்றொரு மாகாணம் உண்டு. தேவமாதா என்று அர்த்தம்; அங்கே ஓடும் ஆற்றுக்கும் அதே திருநாமந்தான். அந்தக் காடுகளில் திருட்டுத்தனமாய்ப் பொன் தோண்டுகிறார்கள். மணலோடு பாதரசத்தைச் சேர்த்தால் பொன் அதில் ஒட்டிக்கொள்ளும். சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பொன் மிஞ்சும். ஆவியாய்ப் போனது அழிந்தா போயிற்று? மழையோடு இறங்கிச் சேற்றில் தங்குகிறது. சேற்றுக் கிருமிகள் அதை முன்னிலும் கொடிய நஞ்சாக்க, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், மீனிலிருந்து கர்ப்பவதியின் இரத்தத்துக்கும் ஏறுகிறது. 1956-ல் ஜப்பானில் வெளிப்பட்ட மினமாட்டா நோயிலே, தாய் ஏறக்குறைய சுகமாயிருக்க, அவள் வயிற்றுப் பிள்ளை ஊனமாய்ப் பிறந்ததுண்டு. 2016-ல் பெரு அரசாங்கம் தேவமாதா மாகாணத்தில் அவசர நிலை அறிவித்தது. 2018 ஜனவரி 19-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அங்கேயே சென்று ஆதிகுடிகளைச் சந்தித்தார்.

"அது தூரதேசத்துச் சங்கதி, சுவாமி" என்பீர்கள். கொடைக்கானல் தூரதேசமா? அங்கே 1983-ல் தொடங்கி, பின்பு இந்துஸ்தான் லீவர் வசமான தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கண்ணாடித் துண்டுகள் 2001-ல் பழைய சாமான் கடையிலே கிடந்தன. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. வேலை செய்தவர்களுக்கோ 2016 வரை காத்திருந்த பிறகுதான் உடன்படிக்கை கிடைத்தது.

ஆற்று முகத்துவாரங்களில் ஆண்டவர் ஒரு காவலை வைத்திருக்கிறார்: அலையாத்தி மரங்கள். அவற்றின் பின்னிய வேர்கள் வண்டலைப் பிடித்து நிறுத்த, வண்டலோடு வந்த பாதரசமும் கடலுக்குப் போகாமல் பெரும்பாலும் அங்கேயே புதைகிறது. நம் நந்தி ஆறு சேருகிற கொசஸ்தலையாறு கடல் தொடும் எண்ணூரிலும் இம்மரங்கள் உண்டு. ஆயினும் மரம் நஞ்சை அழிப்பதில்லை. பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. அதே சேற்றில் அது கொடிய நஞ்சாக மாறுவதும் உண்டு. மரத்தை வெட்டிச் சேற்றைக் கிளறினால் புதைந்தது மறுபடி வெளியே வரும்.

ஆகையால் மரம் நட்டுவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்று ஆலைக்காரனும் அரசாங்கமும் சொல்ல இடமில்லை. ஏழாங் கற்பனையைப் பற்றிச் சின்னக் குறிப்பிடத்தில் படித்தோமே! பாவசங்கீர்த்தனத்தில் பொறுத்தல் கிடைத்தாலும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடன் தீராது. சக்கேயு நாலத்தனை கொடுப்பேன் என்றான். மரம் நடுகிறேன் என்று சொல்லவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். முகூர்த்த நாளில் திருத்தணிக் கலியாண மண்டபங்களைப் பாருங்கள். பெண் கழுத்தில் எத்தனை சவரன் என்பதே பேச்சு, நம் கோயில் கலியாணத்திலும் அப்படித்தான். அந்தப் பொன் எந்த ஆற்றிலிருந்து வந்ததென்று விற்கிறவருக்கே தெரியாது. கேட்கிற சவரன் குறைந்தால் தோண்டுகிறவனின் ஆசையும் குறையும். ஆகவே வரும் மாதங்களில் ஓலை வாசிக்க வரும் பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் பொன் கணக்குப் பேச வேண்டாம். தாலிக்குப் பொன் வேண்டுமானால், பாட்டியின் பழைய நகையைத் தட்டானிடம் கொடுத்து உருக்கிச் செய்துகொள்ளுங்கள்.