யாருடைய பண்பாடு, யாருடைய சம்மதம்?

மனித உரிமை, சர்வதேசச் சட்டம் என்று பேச்செடுத்தால் இடதுசாரித் தோழர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆப்கானியப் பெண்களை மீட்கிறோம் என்று சொல்லிக் குண்டு போட்டவர்களின் மொழியிலா நாமும் பேசுவது? நியாயமான கேள்வி. ஆனால் அங்கிருந்து, ஒடுக்கப்பட்ட சமூகத்தின் உள்விவகாரத்தில் வெளியார் தலையிடவே கூடாது என்ற முடிவுக்கு ஒரே தாவலாகத் தாவிவிடுகிறோம். அந்தச் சமூகத்தின் பெண் தானே வெளியே வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது?

பன்மைப் பண்பாட்டுவாதம் பெண்களுக்குக் கேடா என்று 1997-இல் சூசன் மோலர் ஓகின் கேட்டார். சிறுபான்மைப் பெண்களைத் தங்கள் பண்பாட்டின் பலியாட்களாக மட்டுமே பார்க்கிறார் என்று அவரை மறுத்தார்கள். இரு தரப்பையும் படிக்கும்போது எனக்குச் சாண்ட்ரா லவ்லேஸின் வழக்குதான் நினைவுக்கு வரும்.

லவ்லேஸ் கனடாவின் டோபிக் பகுதியைச் சேர்ந்த மலிசீட் பூர்வகுடிப் பெண். 1970-இல் பூர்வகுடியல்லாத ஒருவரை மணந்தார். கனடாவின் இந்தியர் சட்டப்படி அந்த நொடியே அவர் பூர்வகுடி இல்லை என்றாகிவிட்டது. ஓர் ஆண் வெளியே மணந்தால் அவன் எதையும் இழப்பதில்லை. அவன் மனைவிக்கும் பூர்வகுடித் தகுதி கிடைத்துவிடும். மணமுறிவுக்குப் பின் சொந்த மண்ணில் வாழும் உரிமை லவ்லேஸுக்கு இல்லை. இதே பாகுபாட்டை எதிர்த்து ஜானெட் லவெல் தொடுத்த வழக்கை 1973-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசோடு சேர்ந்து அவரை எதிர்த்து நின்றது தேசிய இந்தியர் சகோதரத்துவம் என்ற பூர்வகுடி அமைப்பு. பெயரிலேயே சகோதரர்கள்தான் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்களுடைய அச்சம் பொய்யல்ல. இந்தச் சட்டத்தில் ஒரு செங்கல்லை உருவினால், மிச்சமிருக்கும் நிலத்தையும் அரசு பிடுங்கிவிடும் என்று பயந்தார்கள். ஆனால் அவர்கள் காத்து நின்ற விதி எங்கிருந்து வந்தது? 1869-இல் கனடா நாடாளுமன்றம் இயற்றியது. வெள்ளை அரசு எழுதிய ஆண்வழி விதி, சுமார் நூறாண்டில் பூர்வகுடிகளின் தன்னாட்சிக்கு அரணாகிவிட்டது. பண்பாட்டில் தலையிடாதே என்னும்போது, ஏற்கெனவே நடந்து முடிந்த தலையீட்டையும் சேர்த்தே காப்பாற்றுகிறோம்.

டோபிக் பெண்களின் போராட்டம் தத்துவத்தில் தொடங்கவில்லை. வீடு கணவன் பெயரில். அவன் துரத்தினால் பெண்ணும் பிள்ளைகளும் தெருவில். அதற்காகத்தான் 1977-இல் குழு நிர்வாக அலுவலகத்தை ஆக்கிரமித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லவ்லேஸின் மனு ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனது. 1981 ஜூலையில் முடிவு வந்தது. உடன்படிக்கை கனடாவில் நடைமுறைக்கு வந்தது 1976-இல். திருமணமோ அதற்கு முன்பே நடந்துவிட்டது. எனவே தகுதி பறிபோனதைக் குழு நேரடியாக விசாரிக்கவில்லை. அதன் விளைவு தொடர்கிறதா என்று பார்த்து, 27ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. சிறுபான்மையினர் தம் மக்களோடு சேர்ந்து தம் பண்பாட்டில் வாழும் உரிமை அது.

எனக்கு இது சட்ட நுணுக்கம் மட்டுமல்ல. லவ்லேஸ் தன் பண்பாட்டிலிருந்து தப்பிக்க ஐ.நா.வுக்குப் போகவில்லை, அதற்குள் திரும்பப் போனார். பெண்ணுரிமை ஒரு தட்டிலும் பண்பாடு மறு தட்டிலும் என்று நாம் பிடிக்கும் தராசில் அவரை எங்கே வைப்பது?

எதிர்த் திசையிலும் ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவின் சாந்தா கிளாரா புவெப்லோவில் ஜூலியா மார்ட்டினஸ் நவஹோ ஆண் ஒருவரை மணந்ததால் அவருடைய பிள்ளைகளுக்கு உறுப்புரிமை இல்லை. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பூர்வகுடி அரசின் மீது இங்கே வழக்குத் தொடுக்க முடியாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நிறவெறிக்கு எதிராக வாழ்நாளெல்லாம் வாதாடிய தர்குட் மார்ஷல். அதை வெறும் ஆணாதிக்கத் தீர்ப்பு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்த அரசின் நீதிமன்றம் ஒதுங்கி நிற்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மார்ட்டினஸ் வேறு எங்கே போவது? அந்த இடத்தில்தான் சர்வதேசச் சட்டம், அதன் எல்லாக் கறைகளோடும், எனக்குத் தேவைப்படுகிறது. அது படை அனுப்பவில்லை. மனுவை வாங்கியது, கனடாவைப் பதில் சொல்ல வைத்தது.

1985-இல் கனடா சட்டத்தைத் திருத்தியது. பேரப்பிள்ளைகள் விஷயத்தில் பாகுபாட்டை அப்படியே விட்டுவைத்தது. அதைச் சரிசெய்ய இன்னும் முப்பதாண்டுக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-இல் ஏற்றது. திருமணம், குடும்பம் பற்றிய பிரிவில் ஒரு அறிவிப்பைச் சேர்த்தது: எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரங்களிலும் அதன் முன்முயற்சியும் சம்மதமும் இல்லாமல் தலையிட மாட்டோம். பொதுச் சிவில் சட்டத்தைச் சிறுபான்மையினர் மீது கம்பாகச் சுழற்றும் இந்நாளில், இந்த வரியைச் சாதாரணமாக நீக்கச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்தச் சம்மதத்தை யாரிடம் கேட்பார்கள்? ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றப் படியேறிய ஷா பானுவும் அந்தச் சமூகம்தானே? 1986-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது மதத் தலைவர்களின் குரல் சமூகத்தின் குரலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய முஸ்லிம் பெண்களின் குரல் அந்தக் கணக்கில் சேரவில்லை.